பல் மருத்துவர் பதில்கள்: தற்காலிக பிரிட்ஜ் ஏன் உடைகிறது?

இம்முறை வந்த கடிதங்களில் பல, நிரந்தர பிரிட்ஜ் (இல்லாத பல்லின் இடத்தை, பக்கத்துப் பற்களின் மேல் தாங்கி நிரப்பும் செயற்கைப் பல் வரிசை) தயாராகும் வரை வாயில் இருக்கும் தற்காலிக பிரிட்ஜைப் பற்றியவை. உடைந்தது, கழன்றது, எத்தனை நாள் தாங்கும் என்று பலரும் ஏறத்தாழ ஒன்றையே கேட்டிருப்பதால், வேறு கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கீழ்க் கடைவாயில் ஒரு பல்லை எடுத்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பற்களைத் தேய்த்து, அன்றைக்கே வாயில் வைத்து மூன்று பல் தற்காலிக பிரிட்ஜ் செய்து கொடுத்தார்கள். பதினோராம் நாள் அது இரண்டாக உடைந்துவிட்டது. என் தம்பிக்கு வேறொரு மருத்துவர் கணினியில் வடிவமைத்து இயந்திரத்தில் கடைந்து கொடுத்தது ஐந்து மாதமாக அப்படியே இருக்கிறது. கையால் செய்தது மட்டம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுடையதும் உங்கள் தம்பியுடையதும் ஒரே பொருள் என்றும் சொல்ல முடியாது.

கையால் செய்யும் முறையில் மிகப் பழையது பொடியும் திரவமும் கலந்து செய்யும் அக்ரிலிக். பி.எம்.எம்.ஏ. எனப்படும் இந்தப் பொருள் 1930-களில் பல் மருத்துவத்துக்குள் வந்தது, இன்றும் போகவில்லை. பல்லைத் தேய்ப்பதற்கு முன்பே அளவு எடுத்து வைத்துக்கொண்டு, தேய்த்த பிறகு அந்த அளவுக்குள் கலவையை ஊற்றி மீண்டும் பல்லின் மேல் பொருத்தி, அது ரப்பர் போன்ற பதத்துக்கு வரும்போது கழற்றி எடுத்து, ஓரங்களைச் செதுக்கி, பாலிஷ் செய்து ஒட்டுவார்கள். இறுகும்போது இந்தக் கலவை கொள்ளளவில் சுமார் 6 முதல் 7 சதவீதம் சுருங்குகிறது; கூடவே வெப்பத்தையும் வெளியிடுகிறது. அந்த வெப்பம் சிறிய விஷயம் அல்ல. 1965-இல் ஜாக், கோஹன் என்ற இருவர் குரங்குகளின் பற்களில் செய்த சோதனையில், பல்லின் உள்ளே வெப்பநிலை 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோது ஏறத்தாழ 15 சதவீதப் பற்களின் உயிர்க்கூழ் (பல்லின் உள்ளே இருக்கும் உயிருள்ள மென்திசு) மீளவில்லை. முழுவதும் இறுகும் வரை வாயிலேயே விட்டுவைக்காமல் இடையில் கழற்றுவதும், தண்ணீரைப் பீய்ச்சிக் குளிரவைப்பதும் இதற்காகத்தான்.

இப்போது பெரும்பாலும் கையாளப்படுவது பிஸ்-அக்ரில். இரண்டு பசைகள் இரட்டைக் குழலில் வரும். துப்பாக்கி போன்ற கருவியை அழுத்தினால் முனையில் உள்ள சுருள் குழாயே அவற்றைக் கலந்து தரும். வெப்பமும் சுருக்கமும் குறைவு, கையால் கலக்காததால் காற்றுக் குமிழும் குறைவு. ஆனால் பழைய அக்ரிலிக் சற்று வளைந்துகொடுத்துத் தாங்கும் இடத்தில் இது வளையாமல் பட்டென்று விரிந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாற்காலியை விட்டு நீங்கள் எழுந்திருக்கும் நேரத்தில் இதன் வலு முழுமையாக வந்திருக்காது. இறுகும் வேலை மணிக்கணக்கில் தொடர்ந்து, மறுநாள்தான் தன் உண்மையான பலத்தை எட்டும். ‘இன்று ஒரு நாள் மட்டும் அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம்’ என்று மருத்துவர் சொல்லியிருந்தால், காரணம் ஊசியின் மரமரப்பு மட்டும் அல்ல.

உங்கள் தம்பிக்குக் கிடைத்தது வேறு வகை. அதுவும் பி.எம்.எம்.ஏ.தான்; ஆனால் தொழிற்சாலையில் உயர்ந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் முழுமையாக இறுக வைத்து வட்டாகவோ கட்டியாகவோ செய்யப்பட்டது. சுருங்க வேண்டியது அங்கேயே சுருங்கி முடிந்துவிட்டது, குமிழ் இல்லை, வேதிவினையில் சேராமல் மிஞ்சிய திரவம் மிகக் குறைவு. இயந்திரம் அதைக் கடைந்து வடிவம் மட்டுமே கொடுக்கிறது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் கையால் செய்தவற்றைவிடக் கடைந்தெடுத்தவை பொதுவாக முன்னால் நிற்பதற்கு இதுவே காரணம். என் கணக்கில் அதைவிட முக்கியமானது, பத்துத் துண்டுகளைச் சோதித்தால் பத்தும் ஏறத்தாழ ஒரே அளவில் உடையும் என்பது. கையால் செய்ததில் நல்ல துண்டு மிக நன்றாகவும், குமிழ் உள்ள துண்டு மிக மோசமாகவும் நடந்துகொள்ளும். சராசரியைப் பார்த்து வாங்குகிறோம். வாயில் உடைவதோ சராசரி அல்ல, அந்த ஒரு மோசமான துண்டு.

எனவே உங்களுடையது பதினோரு நாளில் உடைந்ததற்கு முறையை மட்டும் குற்றம் சொல்வதற்கு முன், உடைந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் சிறு குழிகள் தெரிந்தால் கலக்கும்போதோ ஊற்றும்போதோ காற்று புகுந்திருக்கிறது. முகம் வழவழப்பாக, குழி ஏதும் இல்லாமல் இருந்து, ஆனால் உடைந்த இடம் தீக்குச்சி அளவுக்கே மெலிந்திருந்தால் குற்றம் பொருளில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. அதைப் பற்றி அடுத்த கடிதமும் கேட்கிறது.

கேள்வி: மூன்று முறை புதிதாகச் செய்தும் என் தற்காலிக பிரிட்ஜ் ஒரே இடத்தில், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில், உடைகிறது. ஒவ்வொரு முறையும் வேறு பொருளில் செய்ததாகச் சொல்கிறார்கள். பின் ஏன் இப்படி?

பதில்: நீங்களே பதிலைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். பொருள் மாறியும் இடம் மாறவில்லை என்றால் பிசகு அந்த இடத்தில்தான்.

உடைந்த தற்காலிக பிரிட்ஜ்களை ஒரு டப்பாவில் போட்டுவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதைக் கொட்டிப் பார்த்தால், தாங்கும் பல்லின் உறை நடுவில் பிளந்தவை சில இருக்கும். மற்றவை எல்லாம் இணைப்பில், அதாவது நிற்கும் பல்லும் இடையில் தொங்கும் பல்லும் சேரும் கழுத்தில், முறிந்தவை. மேலிருந்து அழுத்தும்போது பிரிட்ஜ் ஒரு பலகையைப் போல நூலளவு வளைகிறது. மேல்பக்கம் நெருங்குகிறது, ஈறுப் பக்கம் இழுபடுகிறது. அக்ரிலிக் வகைகள் நெருக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவிசையைத் தாங்குவதில்லை. ஆகவே விரிசல் எப்போதும் கீழே, ஈறை ஒட்டிய அந்த இடுக்கில்தான் பிறக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெரியும் மேல்பக்கத்தை அது வந்து சேர்வது கடைசியில்.

அந்த இடுக்கு எப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். மெல்லிய வட்டு ரம்பத்தால் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலக் கூர்மையாக வெட்டியிருந்தால் விசை முழுவதும் அந்தக் கூர்முனையில் குவியும். துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டுவிட்டுக் கிழிப்பதைப் போன்றது அது. ‘யு’ எழுத்தைப் போல வளைவாக இழைத்திருந்தால் அதே விசை பரவிப்போகும். சரி, இடுக்கையே அடைத்து முழுக் கட்டியாக விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். வலு கூடும், ஆனால் சுத்தம் செய்ய வழியில்லாமல் ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, நிரந்தர பிரிட்ஜுக்கு அளவு எடுக்கும் நாளில் பல்லின் ஓரமே தெரியாமல் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் செதுக்குவதுதான் கைத்திறன்.

இணைப்பின் பருமனில் ஒரு நுட்பம் உண்டு. வளைவைத் தாங்கும் திறன் அகலத்தைப் பொறுத்து நேர்விகிதத்திலும், உயரத்தைப் பொறுத்து அதன் வர்க்கத்திலும் கூடுகிறது. 4 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் உயரமும் உள்ள இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 4 × 3 × 3, அதாவது 36. அதையே 3 அகலம், 4 உயரமாக மாற்றினால் 3 × 4 × 4, அதாவது 48. பரப்பு இரண்டிலும் 12 சதுர மில்லிமீட்டர்தான். ஒரு துளிப் பொருள்கூடச் சேர்க்காமல் வலு மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. குட்டையான பற்கள் உள்ளவர்களுக்குப் பிரிட்ஜ் அடிக்கடி உடைவதன் காரணமும் இதுவே, ஏனெனில் அவர்கள் வாயில் உயரத்தைக் கூட்ட இடமே இருக்காது.

நீளத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. வளைவு, இடைவெளி நீளத்தின் மூன்றாம் மடியாகப் பெருகும். ஒரு பல் இல்லாத இடத்தில் வளைவு 1 என்றால், அடுத்தடுத்து இரண்டு பல் இல்லாத இடத்தில் 8, மூன்று பல் இல்லாத இடத்தில் 27. ‘ஒரு பல் கூடுதலாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதானே’ என்று நோயாளி நினைக்கும் இடத்தில் பிரிட்ஜின் சுமை பல மடங்காகிவிடுகிறது. உங்கள் கடிதத்தில் எத்தனை பல் இல்லை என்று குறிப்பிடவில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால், நான்காவது முறையும் வெறும் பிசினில் (அக்ரிலிக், பிஸ்-அக்ரில் போன்றவற்றின் பொதுப்பெயர்) செய்யச் சம்மதிக்காதீர்கள். உள்ளே வலுவூட்டல் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பொறியியல் மாணவன் நான். 3டி அச்சுப் பிசினின் விளம்பரத் தாளில், கடைந்தெடுக்கும் வட்டைவிட வளைவு வலிமை அதிகம் என்று போட்டிருக்கிறது. ஆனால் என் மருத்துவர் நீண்ட காலத்துக்கு என்றால் கடைந்தெடுத்ததுதான் என்கிறார். எண்ணை நம்புவதா, அவரை நம்புவதா?

பதில்: எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அது உங்கள் பிரிட்ஜைப் பற்றிய எண் அல்ல. ஐ.எஸ்.ஓ. 10477 என்ற சர்வதேசத் தரநிலையின்படி, 25 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு நேரான சட்டத்தை இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து நடுவில் அழுத்துவார்கள். 50 மெகாபாஸ்கலுக்கு (ஒரு பரப்பில் விழும் விசையை அளக்கும் அலகு) மேல் தாங்கினால் தேர்ச்சி. இன்று சந்தையில் உள்ள தற்காலிகப் பொருள்களில் பெரும்பாலானவை இதை எளிதாகத் தாண்டிவிடும். அந்தச் சட்டத்துக்குக் கழுத்து இல்லை, இடுக்கு இல்லை. அது ஒரே ஒரு முறை அழுத்தப்பட்டு உடைகிறது. வாயிலோ, உடைக்கும் அளவுக்கு மிகவும் குறைந்த விசை, நாளுக்குப் பல நூறு முறை, ஈரத்தில், சூடும் குளிர்ச்சியும் மாறிமாறி வரும் இடத்தில் விழுகிறது.

இதைப் போலச் செய்து பார்க்கவும் வழிகள் உண்டு. 5 டிகிரி நீரிலும் 55 டிகிரி நீரிலும் மாற்றி மாற்றி முக்கி எடுப்பது ஒன்று. 10,000 சுற்று ஏறத்தாழ ஓர் ஆண்டுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். மெல்லும் இயந்திரத்தில் 12 லட்சம் முறை அழுத்துவதை ஐந்து ஆண்டுக்குச் சமமாகக் கொள்வது இன்னொன்று. இப்படி ‘வயதாக்கிய’ பிறகு எல்லாப் பொருள்களும் வலு இழக்கின்றன. நீர் மெல்ல உள்ளே புகுந்து பிசினை இளக்குகிறது. ஆகவே விளம்பரத் தாளில் நீங்கள் தேட வேண்டியது முதல் நாள் எண்ணை அல்ல, வயதாக்கிய பிறகு மிஞ்சிய எண்ணை. அது போட்டிருக்காவிட்டால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம்.

அச்சு முறைக்கென்று தனியாகச் சில சிக்கல்களும் உண்டு. சார்லஸ் ஹல் 1986-இல் காப்புரிமை பெற்ற அடுக்கடுக்காக ஒளியால் இறுக வைக்கும் உத்திதான் இதற்கும் அடிப்படை. 50 அல்லது 100 மைக்ரான் தடிப்புள்ள படலங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிகின்றன. மெல்லும் விசை படலங்களின் முகத்தில் செங்குத்தாக விழுந்தால் நன்றாகத் தாங்கும். படலங்களுக்கு இடையே விரிசல் ஓடும்படியான கோணத்தில் பிரிட்ஜை நிறுத்தி அச்சிட்டிருந்தால் அதே பிசின் விரைவில் பிளக்கும். இந்தக் கோணத்தைத் தீர்மானிப்பவர் பிசின் தயாரிப்பாளர் அல்லர், அச்சுக்கருவியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர். தட்டில் எத்தனை பிரிட்ஜ் கொள்ளும் என்று பார்த்து அவர் கோணத்தை மாற்றிவிடுவதும் நடக்கிறது.

அச்சிலிருந்து வெளிவரும்போது அது இன்னும் அரைவேக்காடுதான். ஒட்டியிருக்கும் பிசினை ஆல்கஹாலில் கழுவ வேண்டும். கழுவும் நேரம் நீண்டால் ஆல்கஹால் உள்ளே புகுந்து அதுவே வலுவைக் குறைக்கும். பிறகு ஒளிப்பெட்டியில் வைத்து முழுமையாக இறுக வைக்க வேண்டும். எங்கள் கிளினிக்கில் அச்சிட்ட பிரிட்ஜ்கள் தொடர்ச்சியாக உடைந்த ஒரு காலம் இருந்தது. பிசினை மாற்றினோம், கோணத்தை மாற்றினோம், பிரிட்ஜின் தடிப்பைக் கூட்டினோம். கடைசியில் குற்றவாளி ஒளிப்பெட்டி என்று தெரிந்தது. விளக்கு பழையதாகி ஒளி மங்கியிருந்தது. வெளியே பளபளப்பாகத் தெரிந்த பிரிட்ஜின் உட்புறத்தை நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. அந்தப் பிசினின் தாளில் இருந்த எண் அப்போதும் உண்மையாகவே இருந்தது என்பதுதான் வேடிக்கை.

கடைந்தெடுக்கும் முறைக்கும் குறை உண்டு, நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். வெட்டும் ஊசிக்கு ஒரு பருமன் இருப்பதால், அதைவிடக் கூர்மையான உள்மூலைகளை அதனால் அப்படியே செதுக்க முடியாது. சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்துக் கடைந்துவிடும். தேய்த்த பல்லின் விளிம்பு கத்திபோல் இருந்தால் அந்த இடத்தில் உறை மெலிந்துவிடும். அச்சு முறை இத்தகைய மூலைகளை நன்றாகவே எழுதும். நன்கு தெரிந்த பிசின், அதற்கென்றே குறிப்பிட்ட ஒளிப்பெட்டி, சரியான கோணம் மூன்றும் அமைந்தால் அச்சிட்டதையும் நான் தயங்காமல் சில மாதங்களுக்கு வைப்பேன். இந்த மூன்றில் ஒன்று தெரியாவிட்டால் உங்கள் மருத்துவர் சொன்னதுதான் என் பதிலும்.

கேள்வி: இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைத்து எலும்பு சேரும் வரை ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதுவரை நான்கு பல் கொண்ட தற்காலிக பிரிட்ஜ். உள்ளே கம்பி வைத்தால் தாங்குமா?

பதில்: கம்பி என்பது பலரும் நினைக்கும் அளவுக்குப் பலன் தருவதில்லை. வழவழப்பான எஃகுக் கம்பி அக்ரிலிக்கோடு வேதிமுறையில் ஒட்டாது. கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய இடைவெளி உண்டாகி, சில நேரங்களில் விரிசல் அங்கேயே தொடங்கும். மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதற்குரிய பூச்சுப் பூசி வைத்தால் ஓரளவு உதவும். பிரிட்ஜ் உடைந்தாலும் துண்டுகள் சிதறாமல் பிடித்து வைத்திருக்கும் என்பதுதான் கம்பியின் பெரிய லாபம்.

கண்ணாடி இழை இதைவிட நல்ல தேர்வு. பிசினில் நனைத்துப் பதப்படுத்திய இழைக்கற்றை பிரிட்ஜின் உடலோடு ஒன்றாகிவிடும். எங்கே வைக்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே சொன்னபடி இழுவிசை ஈறுப் பக்கத்தில் விழுவதால் இழையும் அந்தப் பக்கத்தில், இணைப்பின் வழியே ஒரு பல்லிலிருந்து மறு பல் வரை ஓட வேண்டும். சட்டத்தின் நட்டநடுவில் இழுப்பும் இல்லை, நெருக்கமும் இல்லை. அங்கே புதைத்த இழை சும்மா தூங்கும். ஆறு மாதம், நான்கு பல், அதுவும் கடைவாய் என்றால் கடைந்தெடுத்த பி.எம்.எம்.ஏ.வை நான் முதலில் நினைப்பேன். இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் உள்ளே வார்ப்பு உலோகச் சட்டம் வைத்துச் செய்வதைப் பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள். நடுவில் ஒரு முறையாவது கழற்றி, சுத்தம் செய்து, புது சிமென்ட்டில் ஒட்ட நாள் குறித்துக்கொள்வதும் அவசியம்.

கேள்வி: உடைந்த தற்காலிக பிரிட்ஜை வீட்டில் இருக்கும் உடனடிப் பசையால் ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஒட்டிய இடம் ஈரத்தில் விட்டுவிடும், தூக்கத்தில் துண்டு தொண்டைக்குள் போகலாம். சாதாரண அக்ரிலிக் எக்ஸ்ரேயில் எளிதில் தெரியாது என்பதால் பிறகு தேடுவதும் கடினம். துண்டுகளை எடுத்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு விரைவில் மருத்துவரிடம் செல்லுங்கள். பழைய அக்ரிலிக் என்றால் அதே கலவையாலும், பிஸ்-அக்ரில் என்றால் பல் அடைக்கும் இளகிய கலவையாலும் சரிசெய்து தர முடியும், ஆனால் சரிசெய்த இடம் முன்பிருந்த வலுவை எட்டாது. ‘நாளைக்குப் போகலாம்’ என்று வாரக்கணக்கில் விட்டுவிட்டால் தேய்த்த பற்கள் நகர்ந்து, ஏற்கெனவே அளவு எடுத்துச் செய்த நிரந்தர பிரிட்ஜ் உட்காராமல் போகும்.

கேள்வி: என்னுடையது உடையவில்லை, அடிக்கடி கழன்று வருகிறது. நல்ல கெட்டியான சிமென்ட் போட்டுவிடும்படி கேட்டால் மறுக்கிறார்கள்.

பதில்: மறுப்பது சரியே. தற்காலிக சிமென்ட் வேண்டுமென்றே வலுக் குறைவாகச் செய்யப்படுவது. கெட்டியாக ஒட்டிவிட்டால் கழற்றும் நாளில் பிரிட்ஜை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், பல்லும் அடிபடலாம். இலவங்க எண்ணெயின் சாரமான யூஜினால் கலந்த சிமென்ட், பிசின் வகைப் பிரிட்ஜின் உட்புறத்தை இளக்கக்கூடியது. பின்னால் நிரந்தர பிரிட்ஜைப் பிசின் சிமென்ட்டால் ஒட்டப்போகிறார்கள் என்றால், அது இறுகுவதையும் கெடுக்கும். எனவே யூஜினால் இல்லாத சிமென்ட்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல் இடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்கிறீர்கள் என்றால், நூலை மேல்நோக்கிச் சுண்டாமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே கழலுவது நின்றுவிடும்.

முழுவதும் கழன்று கையோடு வந்துவிடும் பிரிட்ஜைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அவர் அன்றைக்கோ மறுநாளோ வந்துவிடுவார். ஒரு முனை மட்டும் விட்டுப்போய் மறுமுனை பிடித்திருப்பதுதான் ஆபத்து. மெல்லும்போதெல்லாம் விட்டுப்போன பக்கம் ஏறி இறங்க, பிடித்திருக்கும் பக்கத்தை அது நெம்புகோல்போல் நெம்பும். உறையின் அடியில் எச்சிலும் கிருமிகளும் சேர்ந்து தேய்த்த பல் சத்தமில்லாமல் சொத்தையாகும். கண்ணாடியின் முன் நின்று, பிரிட்ஜின் ஒரு முனையை விரலால் அழுத்தி விடுங்கள். ஈறோரத்தில் எச்சில் குமிழ் குமிழாக வந்து போனாலோ, அந்தப் பக்கத்தில் கெட்ட சுவை தென்பட்டாலோ, வலி இல்லை என்று காத்திருக்க வேண்டாம். கழற்றி மீண்டும் ஒட்டும் வேலைக்குச் சிறிது நேரம் போதும்.